காரின் தலையில் கூடாரம்

கார் அரதப் பழசு. அதன் கூரைமேல் இருந்த கூடாரமோ புத்தம் புதுசு, உயர்ந்த ரகம். காரை இரண்டு தடவை விற்றாலும் அதை வாங்கக் காணாது.

சுவோன் நகரில் அந்த அடுக்குமாடிக் குடியிருப்பு முழுக்க இதே பேச்சுதான். காரின் சொந்தக்காரர் ஹக்சு ஒருநாள்கூட மலைக்கோ கடற்கரைக்கோ போனதில்லை. கூடாரத்தைச் சுமந்துகொண்டு தரைத்தளத்துக்கு அடியில் இருக்கும் வண்டி நிறுத்தத்துக்குள் கார் நுழையாது. அதனால் வெளியிலேயே நிறுத்தி, பட்டப்பகலில் ஏணி வைத்து ஏறிப் படுத்துக்கொள்வார்.

பகட்டுக்கும் ஓர் அளவு வேண்டாமா என்று குடியிருப்போர் குழு கொதித்தது. ஞாயிற்றுக்கிழமைக்குள் கழற்றச் சொல்லும் பொறுப்பைக் குழுவில் இருந்த ஜின்மோ வலியப் போய் வாங்கிக்கொண்டான்.

அதில் ஒரு சுயநலம். அதே மாதிரிக் கூடாரத்தின்மேல் அவனுக்கும் ஒரு கண். நல்லது கெட்டது விசாரிக்காமல் பர்ஸைத் திறக்க மாட்டேன் என்று மனைவி சொல்லிவிட்டாள்.

ஏணியடியில் நின்று கனைத்தான். மேலிருந்து ஹக்சுவின் தலை எட்டிப் பார்த்தது. கலைந்த முடி, பைஜாமா, கையில் கப் நூடுல்ஸ்.

விஷயத்தைச் சொன்னதும் அவர் முகம் வாடிப்போயிற்று. கழற்றிவிடுகிறேன் என்றார்.

வந்த வேலை சுலபமாக முடிந்த தெம்பில் ஜின்மோ குழைந்தான். "அது கெடக்கட்டும் அண்ணே. கூடாரம் எப்படி? வாங்கலாமா?"

கழற்றச் சொன்ன வாயே இதையும் கேட்கிறதே என்று அவர் நினைக்கவில்லை. பொறுமையாகச் சொன்னார். மழை பெய்தால் காதுக்குள் மேளம் கொட்டும். காற்றடித்தால் தொட்டில் மாதிரி ஆடும். கார் பெட்ரோலைக் கண்டபடி குடிக்கும். பாதித் தூக்கத்தில் ஒண்ணுக்கு வந்தால் ஏணியில் இறங்க வேண்டும். அப்படி இறங்கி ஒருதரம் இடுப்பு பிடித்துக்கொண்டதாம்.

"நல்லதுன்னு ஒண்ணுமே இல்லையா?"

"ஒண்ணு இருக்கு சார். தூக்கம் வரும்."

"ஏன், வீட்ல வராதா?"

ஹக்சுவுக்கு ரொட்டித் தொழிற்சாலையில் இரவு வேலை. பகலில் தூங்கினால்தான் உண்டு. மேல் வீட்டுப் பிள்ளைகளோ கூடத்தில் கால்பந்து ஆடுகிறார்கள். கோல் விழுந்தால் விளக்கு ஆடுகிறது. இப்போதெல்லாம் யார் ஜெயித்தார்கள் என்றுகூடத் தனக்குத் தெரியும் என்றார்.

ஜின்மோவுக்கு ரத்தம் கொதித்தது. "பெத்தவங்களா அவங்க? எந்த வீடு, சொல்லுங்க. குழுவுல போட்டு நாறடிச்சிடறேன்."

"வேணாம் சார். வாங்கிக் கட்டிக்கறது அந்தப் பிள்ளைங்கதான். அதட்டி ஒரு மூலையில உக்கார வெச்சிடுவாங்க. பாவம், ஓடுற வயசு."

"அட, நம்பரை மட்டும் சொல்லுங்க அண்ணே. மிச்சத்தை நான் பாத்துக்கறேன்."

ஹக்சு தயங்கித் தயங்கிச் சொன்னார். "எண்ணூத்தி ரெண்டு."

குடிவந்த நாளிலிருந்து ஒரு புகாரும் வராததால் கீழ் வீடு காலி என்று நினைத்து, கூடத்தில் பிள்ளைகளுக்குக் கோல் வலையைத் தன் கையாலேயே கட்டிக் கொடுத்திருந்தான் ஜின்மோ.