மூன்று கட்டை பழுது

சும்மா குடுக்கிற பொருளுக்கு ஒரு மனுஷன் இத்தனை குறை சொல்லுவான் என்று கல்பனா நினைக்கவே இல்லை.

"இந்தக் கட்டையப் பாருங்க அண்ணாச்சி, சத்தமே வரல. பக்கத்துக் கட்டையும் அப்படித்தான்" என்றான் எபனேசர். ஸ்ரீவில்லிபுத்தூர் சர்ச்சில் பாடகர் குழுவை நடத்துகிறவன். முப்பது வயசிருக்கும். கீபோர்டைக் கட்டிக்கொண்டு போகப் பழைய போர்வையும் கயிறுமாக ராஜபாளையத்துக்கு பஸ் ஏறி வந்திருந்தான்.

கல்பனாவின் புருஷன் சௌந்தரபாண்டியன் குனிந்து பார்த்தார். பட்டாளத்தில் பதினேழு வருஷம் இருந்துவிட்டு, இப்போது சேத்தூரில் விவசாயம். துப்பாக்கி என்றால் கண்ணை மூடிக்கொண்டு கழற்றி மாட்டுவார். கீபோர்டு விஷயத்தில் பூஜ்யம்.

"நல்லா அமுக்கிப் பாருங்க தம்பி."

எபனேசர் ஒற்றை விரலால் மெதுவாக, மிக மெதுவாக அமுக்கினான். கட்டை இறங்கியது. சத்தம் வரவில்லை.

கல்பனாவுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. அவ்வளவு மெதுவாக அமுக்கினால் இந்தக் கீபோர்டில் எந்தக் கட்டைதான் பேசும்? கொஞ்சம் தட்ட வேண்டாமா? இதுகூடத் தெரியாதவன் எல்லாம் பாட்டுச் சொல்லித் தர வந்துவிட்டான்! நாக்கு நுனி வரை வந்ததை முழுங்கிக்கொண்டாள்.

சொன்னால், 'உனக்கு எப்படித் தெரியும்?' என்பார் புருஷன்.

மகன் விக்னேஸ்வரனுக்கு வாங்கியது அது. ரெண்டு மாசம் தட்டிவிட்டு அவன் கோயம்புத்தூர் காலேஜுக்குப் போய்விட்டான். "நான் கத்துக்கிடட்டுமா?" என்று கல்பனா ஒருநாள் கேட்டதற்கு சௌந்தரபாண்டியன் விழுந்து விழுந்து சிரித்தார். அதோடு விட்டாரா? "மாட்டுக்குத் தவிடு வைக்கிற கைக்குப் பியானோ கேக்குதாம்" என்று ஒரு கல்யாணப் பந்தியில் வைத்துச் சொல்ல, இலைக்கு முன்னால் இருந்த அத்தனை பேரும் சிரித்தார்கள்.

அந்த ரோஷத்தில்தான் ஆரம்பித்தாள். தெருக்கோடி வீடு என்பதால் கேட்கவும் ஆள் இல்லை. அவர் வயலுக்குப் போனதும் செல்போனில் வீடியோவை ஓடவிட்டுப் பழகினாள். புதிதாகக் கற்றுக்கொள்கிறவர்களுக்கென்றே யாரோ ஒரு வெள்ளைக்காரர் இருநூறு வருஷத்துக்கு முன்னால் எழுதிய, சொனாட்டா என்கிற எளிமையான பியானோ இசை. மூன்று பகுதி. முதலாவது ஓட்டம், இரண்டாவது நிதானம், மூன்றாவது துள்ளல். பெருவிரலை மற்ற விரல்களுக்கு அடியில் நுழைத்து மேலே ஏறுகிற ஒரே ஒரு வரிக்கு ஒன்றரை மாசம் ஆனது. இட்லி வேகிற நேரத்தில் அடுப்பு மேடையில் விரலை ஓட்டிப் பார்ப்பாள்.

எட்டு மாசத்தில் ரோஷம் போன இடம் தெரியவில்லை. சந்தோஷம்தான் மிச்சம். இரண்டாவது பகுதியை வாசிக்கும்போது, இந்த வீட்டில் தனக்கென்றும் ஒரு இடம் இருப்பதாகத் தோன்றும்.

போன வாரம் வந்தது வினை. "அந்த ரூம்ல மக்காச்சோள மூட்டை அடுக்கணும். பொட்டிய சர்ச்சுக்குக் குடுக்கதா கிறிஸ்துராஜ்ட்ட வாக்குக் குடுத்துட்டேன்" என்றார் சௌந்தரபாண்டியன். கிறிஸ்துராஜ் அவருடைய பட்டாளத்துச் சேக்காளி. கொடுத்த வாக்கு என்றால் மேலதிகாரி உத்தரவு மாதிரி.

இன்று சாயங்காலம் கடைசியாக ஒரு தடவை மூன்று பகுதியையும் வாசித்து முடித்து, அவள் துணியைப் போட்டு மூடவும், வாசலில் சௌந்தரபாண்டியனின் பைக் வந்து நிற்கவும் சரியாக இருந்தது. வாசலில் நின்ற எபனேசரையும் அவர் கூடவே கூட்டி வந்தார்.

"வீட்டுல யாருமே தொடாமக் கெடக்கு. எடுத்துட்டுப் போங்க தம்பி."

கல்பனா சுவர்ப் பக்கம் திரும்பிக் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். அதற்கப்புறம்தான் எபனேசரின் குறை படிக்கிற படலம் தொடங்கியது.

"மூணு கட்டை போச்சு அண்ணாச்சி. எங்களுக்கு இது ஆகாது."

சௌந்தரபாண்டியனுக்குச் சுருக்கென்று கோபம் வந்தது. "தானம் குடுத்த மாட்டப் பல்லப் புடிச்சுப் பாத்த கதையால்ல இருக்கு! ஒங்க பழைய பொட்டி ரிப்பேராகி, பிள்ளைக வாத்தியமே இல்லாமப் பாடுதுகன்னு கிறிஸ்துராஜ் சொன்னானே?"

"ஆமா. இருந்தாலும் இது வேண்டாம்."

கல்பனாவுக்கு ஒரு நொடி நெஞ்சு குளிர்ந்தது. வேண்டாம் என்றால் இங்கேயே இருக்கும்!

"அப்பம் விடுங்க. நாளைக்குப் பழைய இரும்புக்காரன் வருவான். அவன்ட்ட போட்டுருதேன்."

கல்பனா கதவைப் பிடித்துக்கொண்டாள். பிள்ளைகள் கைக்குப் போனாலாவது வாசிக்கப்படும். இது உடைபடப் போகிறதே! சிரித்தால் சிரிக்கட்டும், சொல்லிவிடுவது என்று வாயைத் திறந்தாள்.

"ஏங்க..."

எபனேசர் முந்திக்கொண்டான். "ஐயையோ, இரும்புக்குப் போட்றாதீங்க அண்ணாச்சி. மதுரையில எனக்குத் தெரிஞ்ச ரிப்பேர்காரர் இருக்காரு. இந்தப் பக்கம் வாரப்ப கூட்டிட்டு வாரேன். அதுவரைக்கும் சும்மா மட்டும் போடக் கூடாது. தெனமும் ஒரு மணி நேரம் யாராவது தட்டிக்கிட்டே இருக்கணும். இல்லேன்னா மிச்சக் கட்டையும் போயிரும்."

"இத எவன் ஒக்காந்து தட்டுவான்?"

"வீட்டுல அக்கா இருக்காவல்ல?"

சௌந்தரபாண்டியன் யோசித்தார். வாங்கிப் போட்ட பொருள் வீணாகப் போவது அவருக்குப் பொறுக்காது.

"ஏட்டி, கேட்டியா? கெணத்து மோட்டாரச் சும்மா போடாம ஓட்டுத மாதிரிதான். தெனம் ஒரு மணி நேரம் தட்டிரு, மறந்துறாத. மூட்டைய நான் பின்னால செட்டுல அடுக்கிக்கிடுதேன்."

"சரிங்க" என்றாள் கல்பனா. என்ன நடக்கிறதென்று அவளுக்கு முழுசாகப் பிடிபடவில்லை.

எபனேசரை பஸ் ஸ்டாண்டில் விடுவதற்காக அவர் பைக்கைத் திருப்பப் போனார். எபனேசர் பிரிக்காத போர்வையைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு, செருப்பை மாட்டியபடி தணிந்த குரலில் சொன்னான்:

"மூணு பகுதியையும் வாசல்ல நின்னு கேட்டுட்டுத்தான் உள்ள வந்தேன்க்கா. ரெண்டாவதுல மட்டும் கொஞ்சம் அவசரப்படுதீங்க. இனிமேத்தான் நேரம் இருக்கே, நிதானமா வாசிங்க."