ஹாஜி கலந்தரின் மதிப்புக்குரிய சகோதரி

மசூதிச் சுவரில் ஒட்டிய மரண அறிவிப்பில் எல்லோர் பெயரும் இருந்தது, செத்தவளுடையதைத் தவிர.

ஹாஜி கலந்தரின் மதிப்புக்குரிய சகோதரி இறைவனடி சேர்ந்தாராம். கீழே ஹாஜியின் மகன்கள் நால்வர், மருமகன்கள் இருவர். போதாததற்கு அவருடைய கம்பளக் கடையின் முகவரி வேறு. செத்தவளுக்கும் கம்பளத்துக்கும் என்ன சொந்தமோ.

"அவ பேரைப் போடு அண்ணே. செத்த பிறகாவது நாலு பேரு படிக்கட்டும்" என்று காலையில் இன்னொரு சகோதரி ஹாஜியிடம் கெஞ்சிப் பார்த்தாள்.

"ஆம்பளைங்க படிக்கிற சுவத்துல வீட்டுப் பொம்பளை பேரா? நான் தெருவுல நடக்க வேணாமா? இன்னைக்கு ஒரு நாள் வாயை மூடிக்கிட்டு உள்ள இரு. உன் நல்லதுக்குத்தான் சொல்றேன்."

ஹாஜிக்குச் சகோதரிகள் இருவர். காபூலிலிருந்து ஹெராத்துக்கு அண்ணன் வீட்டுக்கு வந்து மூன்று மாதம் ஆகிறது.

ஒருத்தி ரோஷனா. நிலவறையில் பெண்பிள்ளைகளுக்குப் பள்ளிக்கூடம் நடத்தியவள். வேலை கொடு, சோறு கொடு என்று வீதியில் நின்றவள். பிள்ளையின் அடையாள அட்டையில் தாயின் பெயரும் வேண்டும் என்று படியேறாத அலுவலகம் இல்லை. நாற்பது நாள் சிறையும் பார்த்தாயிற்று. இப்போது அவளைப் பிடிக்க இன்னொரு கைது ஆணை ஊர் ஊராக அலைந்துகொண்டிருந்தது.

இன்னொருத்தி வீட்டோடு கிடந்தவள். அவளைப் பற்றிச் சொல்ல யாரிடமும் ஒன்றும் இல்லை.

இருவரும் தலைமுதல் கால்வரை மூடும் நீலச் சாதரிக்குள் வந்து இறங்கினார்கள், சாதரிக்குள்ளேயே நடமாடினார்கள். தெருவில் ஒருவரும் அவர்கள் முகத்தைப் பார்த்ததில்லை. மூன்று நாள் காய்ச்சலில் ஒருத்தி போய்ச் சேர்ந்தாள். சுவரில் சகோதரி என்று படித்ததுமே தெரு முடிவு கட்டிவிட்டது. ஊரோடு ஒத்து வாழாதவள்தானே முதலில் சாக வேண்டும்?

ஆண்களின் துக்கம் காலையிலேயே மசூதியில் முடிந்துவிட்டது. பிற்பகலில் பெண்கள் வீட்டுக்கு வந்து சுவரோர மெத்தைகளில் வரிசையாக அமர்ந்தார்கள். மீந்துபோன சகோதரியான அவள், கறுப்பு முக்காட்டைக் கண்வரை இழுத்துக்கொண்டு மூலையில் இருந்தாள்.

"ரோஷனா ஜான்! சிங்கம்மா நீ! எங்க பேத்திகளுக்கெல்லாம் வழி காட்டுனவளே!" என்று மாரில் அடித்துக்கொண்டாள் எதிர்வீட்டு நதீரம்மா.

போன மாதம்தான் அவள் அந்தப் பேத்திகளிடம், இந்த வீட்டு வாசலை மிதித்தால் காலை ஒடிப்பேன் என்று கத்தியிருந்தாள். மூத்த பேத்திக்குப் பன்னிரண்டு வயதில் நிச்சயம் செய்து வைத்தவளும் இவளேதான்.

"என்ன சிங்கமோ, ஒரு ரொட்டி சுடத் தெரியாதாம்" என்று ஹல்வாவை மென்றபடி சொன்னாள் பக்கத்திலிருந்தவள். "அடுப்புப் பக்கமே போனதில்லையாம். நாக்கு மட்டும் ஏழு முழம்."

மூலையில் இருந்தவள் பல்லைக் கடித்துக்கொண்டாள். உடம்பைக் குளிப்பாட்டியது அவள்தான். செத்தவளின் வலது கையில் தந்தூர் அடுப்பு சுட்ட தழும்புகள் பதினொன்று இருந்தன. இந்தக் கூட்டத்துக்கு அது எங்கே தெரியப்போகிறது? வந்தார்கள், தின்றார்கள், தங்களுக்குத் தோன்றிய ஒருத்திக்காக அழுதார்கள்.

வெளிக்கதவு தட்டப்பட்டது. ஹாஜி ஓடினார். அவள் எழுந்து திரைச்சீலை ஓரமாக நின்றாள்.

துப்பாக்கிக்காரர்கள் இருவரோடு அதிகாரி வந்திருந்தான். கைது ஆணை கையில் இருந்தது, பெயரும் அதில் தெளிவாக இருந்தது. ஆனால் துக்க வீட்டு வாசலில், அண்ணனின் முகத்துக்கு நேரே, வீட்டுப் பெண்ணின் பெயரைச் சொல்லிக் கேட்பதா? மானஸ்தன். சவுக்கால் அடிக்கக் கூசாதவனுக்குப் பெயரைச் சொல்லக் கூசியது.

"ஹாஜி சாகிப், போனது... நாங்க தேடுற அந்த..."

"என் சகோதரி" என்று ஹாஜி தலையைக் குனிந்துகொண்டார்.

"அல்லாஹ் மன்னிக்கட்டும். அப்ப விஷயம் முடிஞ்சுது."

அதிகாரி காகிதத்தைக் கதவில் வைத்து அந்தப் பெயர்மேல் ஒரு கோடு இழுத்தான். கதவு மூடியது. திரும்பி வந்த ஹாஜியின் முகத்தில் இத்தனை நாள் காணாத நிம்மதி.

"முடிஞ்சுது. இனி ஒருத்தனும் வர மாட்டான். போய் உக்காரு."

"கடைசி வரைக்கும் அவ பேரை நீ சொல்லவே இல்லையே அண்ணே."

"சொன்னாத்தானா? அவ சொர்க்கத்துக்குப் போயிட்டா. அவளுக்கு எதுக்குப் பேரு?"

உள்ளே நதீரம்மா அடுத்த ஒப்பாரியைத் தொடங்கினாள். ரோஷனா ஜான், ரோஷனா ஜான்.

அவளுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. முற்றத்தில் இறங்கி நடந்தாள். ஹாஜி குறுக்கே விழுந்தார்.

"வேணாம்மா. உன் காலைப் புடிக்கிறேன்."

அவரைச் சுற்றிக்கொண்டு போய்க் கதவைத் திறந்தாள்.

"நில்லுங்க!"

தெருவில் போய்க்கொண்டிருந்த மூவரும் நின்றார்கள். பெண்ணைப் பார்க்கலாகாது என்று மூவரும் ஒழுக்கமாக முகத்தைத் திருப்பிக்கொண்டார்கள்.

"செத்தவளுக்குப் பேர் இருக்கு. தாஜ்பீபி. முப்பது வருஷம் எனக்கு ரொட்டி சுட்டுப் போட்டவ. நான் ஜெயில்ல கிடந்தப்ப என் பள்ளிக்கூடத்தை ஒரு நாள்கூட மூடாதவ. என் தங்கச்சி. அவ பேரை எழுதுங்க."

முக்காட்டை இறக்கினாள்.

"நீங்க கோடு போட்டது என் பேரு மேல."