பேட்டரி நல்லாத்தான் இருக்கு

பேட்டரியில் ஒரு குறையும் இல்லை.

பழுது பார்ப்பவள் போனில் மீட்டரைச் சொருகி இரண்டு தடவை பார்த்துவிட்டாள். ஏறுகிற வேகம் சரி, சூடு சரி. புது பேட்டரி மாதிரிதான் நடந்துகொண்டது.

கண்ணாடி மேசைக்கு அந்தப் பக்கம் டீச்சர் நின்றிருந்தாள். பக்கத்துப் பள்ளிக்கூடத்தில் மதிய இடைவேளை. விரல் நுனிகளில் இன்னும் சாக்பீஸ் தூள்.

"காலையில நூறு ஏத்திட்டுத்தான் கிளம்புறேன். மூணாவது பீரியட்லயே உயிரை விட்டுடுது," என்றாள்.

பழுது பார்ப்பவள் தலையாட்டினாள். அந்தத் தெருவில் அவளுக்கு டாக்டரம்மா என்று பெயர். செத்துப்போன போனுக்கும் நாடி பிடித்துப் பார்ப்பாள், லேசில் கைவிரிக்க மாட்டாள் என்பதால் ஒட்டிக்கொண்ட பெயர். நன்றாக இருக்கும் ஒன்றை மாற்றும்படி அவள் யாரிடமும் சொன்னதில்லை. இன்றைக்கும் சொல்வதாக இல்லை.

எது சார்ஜைத் தின்கிறது என்று பார்க்கப் பட்டியலைத் திறந்தாள்.

எல்லோருக்கும் வீடியோ, விளையாட்டு என்று வரும். இதில் முதலிடத்தில் படமே இல்லாத சாம்பல் நிறக் கட்டம் ஒன்று. ‘சிஸ்டம் சேவை’ என்று ஒப்புக்கு ஒரு பெயர். நூற்றுக்கு அறுபத்தெட்டு அதற்கே போயிருந்தது. விடிந்ததிலிருந்து ஒரு நிமிடம்கூட அது ஓயவில்லை.

திரையின் மேல் ஓரத்தில் கடுகளவு பச்சைப் புள்ளி. மைக் திறந்திருக்கிறது.

அவள் போனை மெல்ல மேசையில் வைத்தாள்.

இதற்கு முன் ஒரே ஒரு தடவை இப்படிப் பார்த்திருக்கிறாள். அப்போது கடை போட்ட புதிது. உங்கள் போனை யாரோ ஒட்டுக் கேட்கிறார்கள் என்று வாய்விட்டே சொல்லிவிட்டாள். போனைக் கொண்டுவந்த பெண் வெலவெலத்துப்போய் வெளியே ஓடினாள். தெருமுனையைத் தாண்டுவதற்குள் ஒரு கார் வந்து நின்றது. அப்புறம் அவளை யாரும் அந்தப் பக்கம் பார்க்கவில்லை.

இந்தத் தடவை வாயைத் திறக்கவில்லை. ரசீதுப் புத்தகத்தைத் திருப்பிப் பின்பக்கத்தில் எழுதினாள்.

‘நாம பேசுறத உங்க போன் வெளிய அனுப்புது. யாரோ போட்டு வெச்சிருக்காங்க. எடுத்துடவா?’

டீச்சர் படித்தாள். முகம் மாறவில்லை. பேனாவை வாங்கி, குண்டு குண்டான கையெழுத்தில் கீழே எழுதினாள்.

‘தெரியும். வீட்டுக்காரர். எடுக்காதீங்க. பேட்டரியை மாத்துங்க.’

‘பேட்டரி நல்லாத்தான் இருக்கு.’

‘மாத்துங்க’ என்பதன் கீழே டீச்சர் இரண்டு கோடு போட்டாள், நோட்டு திருத்துவது போல.

அந்த நேரம் பார்த்துத் திரை வெளிச்சமானது. ஒரு செய்தி.

‘என்ன, கடையில பேச்சையே காணோம்?’

டாக்டரம்மா கையைச் சட்டென்று பின்னுக்கு இழுத்துக்கொண்டாள். டீச்சர் போனைத் தொடவே இல்லை. மேசைப் பக்கம் லேசாகக் குனிந்து, எதிரில் ஆள் உட்கார்ந்திருப்பது போல, காற்றைப் பார்த்துச் சொன்னாள்.

"அவங்க மீட்டர் வெச்சுப் பாத்துட்டிருக்காங்க. அதான்."

குரலில் ஒரு பிசிறு இல்லை. எத்தனை நாள் பழக்கமோ.

டாக்டரம்மாவுக்குப் புரிந்தது பாதி, புரியாதது பாதி. தொண்டையைச் செருமிக்கொண்டாள்.

"பேட்டரி உப்பிப்போச்சுங்க. மாத்தித்தான் ஆகணும். பத்து நிமிஷம் போன் அணைஞ்சிருக்கும்."

பொய் சொல்லிப் பழகாத வாய். வேண்டியதைவிடச் சத்தமாகவே வந்தது.

இருவரும் திரையைப் பார்த்தபடி நின்றார்கள். பதில் வர நேரமெடுத்தது.

‘பத்து நிமிஷம்.’

டாக்டரம்மா போனை அணைத்தாள். பின்மூடிக்குச் சூடு காட்டிக் கழற்றினாள். உள்ளே பேட்டரியின் மேல் வேறு ஏதோ கடையின் ஒட்டுச்சீட்டு. மாற்றிய தேதி போட்டிருந்தது. ஒரு மாதம்கூட ஆகியிருக்கவில்லை.

"அணைஞ்சிருச்சா? நல்லா அணைஞ்சிருச்சா?"

டீச்சரிடம் இவ்வளவு நேரம் கேட்ட குரல் இல்லை அது. சின்னக் குரல்.

"கழட்டியே வெச்சுட்டேன்."

"உங்க போனைக் கொஞ்சம் தாங்க."

எண்ணை எங்கும் பார்க்காமல் அழுத்தினாள். முதல் மணியிலேயே மறுமுனையில் எடுத்துவிட்டார்கள்.

"நான்தான். இருக்கேன்."

வைத்துவிட்டாள். அவ்வளவுதான் பேச்சு. திருப்பிக் கொடுப்பதற்குள் அந்த எண்ணையும் அழித்திருந்தாள். மிச்ச நேரம் முழுக்க ஸ்டூலில் உட்கார்ந்து, வெள்ளையடித்த சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தாள். யாரும் கேட்காத இடத்தில் மூச்சு விடுவதற்கென்றே வந்தவள் மாதிரி.

ஏதாவது கேட்போமா என்று டாக்டரம்மா இரண்டு முறை வாயெடுத்தாள். அந்த அமைதியைக் கலைக்க மனம் வரவில்லை. கேட்டிருக்கலாம் என்று பின்னால் எத்தனையோ தடவை நினைத்துக்கொண்டாள்.

ஒன்பதாவது நிமிடம் போன் உயிர்பெற்றது. பச்சைப் புள்ளி வந்து தன் இடத்தில் உட்கார்ந்தது.

டீச்சரின் முகத்தில் பழைய சிரிப்பு வந்தது. "இனி நிக்கும்ல?" என்று கேட்டுவிட்டு, பதிலுக்குக் காத்திராமல் படியிறங்கிப் போனாள்.

நாற்பது நாள் கழித்து, ஒரு மத்தியான வேளையில், டாக்டரம்மாவுக்குத் தெரியாத எண்ணிலிருந்து அழைப்பு வந்தது. இளம்பெண் ஒருத்தி. அழுது முடித்த குரல்.

"மாசம் ஒரு தடவ எங்க அக்கா ஏதாவது ஒரு ரிப்பேர் கடையிலருந்து பேசுவா. கடைசியா இந்த நம்பர்லருந்துதான் பேசினா. அதுக்கப்புறம் அங்க வந்தாளா?"