பின்பெட்டி மூடி

மரச்சுத்தியால் நாலு தட்டு தட்டியதும், காரின் பின்பெட்டி மூடி அச்சைவிட்டுக் கழன்று திலகவதியின் கைக்கு வந்தது.

கோலா சுங்கை பாருவில் முப்பது வருஷமாக மீன்பிடிப் படகுகளுக்கு ஃபைபர் வார்க்கிறவள். கார் வார்ப்பது இதுதான் முதல் தடவை.

அசல் கார் பட்டறைக்குள்ளேயே நின்றது. அந்த ரகத்தில் உலகத்தில் மிச்சமிருப்பது மூன்றே மூன்றாம். அதைப் பூட்டி வைத்துவிட்டு, ஊர்வலம் போக அச்சுஅசலாக ஒரு நகல் வேண்டுமென்று கேட்டிருந்தார், அலோர் காஜா தோட்ட முதலாளியின் மகன் காந்தன்.

அவள் உடனே ஒப்புக்கொண்டதற்குக் காரணம் உண்டு. தோட்டத்து டிரைவராக அந்தக் காரை ஓட்டியவர் அவளுடைய அப்பா சாமிநாதன். அவளுக்கு ஐந்து வயதிருக்கும்போது ஒரு காலையில் அதை எடுத்துக்கொண்டு போனவர், வீடு திரும்பவில்லை. காரைப் பாச்சாங் ஊரில் விட்டுவிட்டு எவளோடோ ஓடிவிட்டான் என்றார் காந்தனின் அப்பா, பெரிய முதலாளி. தோட்டமே நம்பியது. அவளும்தான் நம்பினாள். அப்பா பேச்சை எடுத்தாலே எழுந்து போய்விடுவாள். ஆனாலும் அவர் பிடித்த ஸ்டியரிங்கை ஒருமுறை தொட்டுப் பார்க்கும் ஆசை மட்டும் விடவில்லை.

உட்புறம் வேண்டாம், வெளியே தெரிவது போதும் என்றுதான் காந்தன் சொல்லியிருந்தார். படகுக்காரிக்கு அது சரிப்படாது. உள்துணியைப் பிரித்து இரண்டு பக்கமும் அச்செடுத்தாள். மெழுகு பூசும்போது கைக்கு மேடுபள்ளம் தட்டியது. பழைய வண்டிதானே என்று விட்டுவிட்டாள்.

கறுப்புப் பெயிண்டில் தெரியாதது இப்போது வெள்ளை ஃபைபரில் தெரிந்தது.

குழிகள். இரும்புக் கம்பியின் முனையால் உள்ளிருந்து இடித்த குழிகள். முப்பதுக்கு மேல் எண்ண முடியவில்லை. எல்லாம் பூட்டைச் சுற்றி, ஒரு சாண் இடத்துக்குள். மற்ற இடம் மழமழவென்று இருந்தது. கும்மிருட்டிலும் பூட்டு எங்கே இருக்கிறதென்று அந்தக் கைக்குத் தெரிந்திருக்கிறது.

சில குழிகள் ஆழம். சில அதைவிடக் குறைவு. கடைசிச் சில, விரலால் தடவினால்தான் தெரிந்தன.

எழுந்துபோய் அசல் மூடியை வெளிப்புறம் தட்டிப் பார்த்தாள். எல்லா இடமும் தகரம் கணீரென்றது. பூட்டருகே மட்டும் மொத்தென்றது. பெயிண்டுக்கு அடியில் புட்டிப் பூச்சு; வெளியே புடைத்ததை யாரோ தேய்த்து மறைத்திருந்தார்கள்.

வார்த்த மூடியை மடியில் வைத்துக்கொண்டு தரையிலேயே உட்கார்ந்துவிட்டாள்.

வேலையைப் பார்க்க வந்த காந்தன் மூடியைக் குனிந்து பார்த்தார். கட்டைவிரலால் ஒரு குழியைத் தடவினார். பிறகு கையைக் கைக்குட்டையில் துடைத்துக்கொண்டார்.

“பழைய அடிதான் லா அக்கா. புட்டி வெச்சுத் தேச்சிருங்க.”

திலகவதி தலை நிமிரவில்லை.

“அப்பா வீட்ட விட்டுப் போன தேதி எனக்குத் தெரியும் சார். இந்தப் பெட்டிய உங்கப்பா எந்தத் தேதியில தொறந்தாரு? திதி குடுக்க நாள் வேணும்.”