இசக்கிராஜின் சந்தேகம்

கேஸை வைத்துப் பாடம் நடத்தும் முறை தொடரலாமா என்று மருத்துவக் கல்லூரி ஆசிரியர்களான எங்கள் கருத்தைக் கேட்டிருந்தது. “வேண்டாம், சிலபஸ் முடிவதில்லை” என்று எழுதி வைத்துவிட்டுத்தான் அன்று வகுப்புக்குப் போனேன்.

இசக்கிராஜ் ஏற்கெனவே மேடைத் திரையில் உட்கார்ந்திருந்தார். பாடத்துக்காகக் கணினி உருவாக்கிய நோயாளி அவர், ஒரு லாரி டிரைவர். ஒவ்வோர் ஆண்டும் அதே நெஞ்சுவலியோடு வந்து, மாணவர்கள் கேட்பதற்கெல்லாம் பொறுமையாகப் பதில் சொல்வார். அன்று புதிதாக ஒன்று சொன்னார்.

“ஒரு வாரமா நாக்குல ருசியே தெரியல, டாக்டர்.”

யாரும் அவருக்கு அதைச் சொல்லித் தரவில்லை. எனக்கே ஆவலாக இருந்தது. அதற்குள் முன்வரிசையில் தர்ஷிகா கை தூக்கினாள்.

“மேம், இது எக்ஸாமுக்கு வருமா?”

“வராதும்மா,” என்றேன், பழக்கதோஷத்தில். வகுப்பே பேனாவை மூடியது.

இதுவரை பதில் மட்டுமே சொல்லிவந்த இசக்கிராஜ் என் பக்கம் திரும்பினார்.

“பரீட்சைக்கு வராதுன்னா, எனக்கு என்ன செய்யுதுன்னு யாரும் கேக்கவே மாட்டியளா, மேடம்?”

நாற்காலியை அவர் பக்கத்தில் இழுத்துப் போட்டுக்கொண்டு உட்கார்ந்தேன்.

“சொல்லுங்க. காப்பி குடிச்சா எப்படி இருக்கு?”

அன்றும் சிலபஸ் முடியவில்லை.