தலையாட்டல்

காபி வேண்டுமா என்று சைகையில் கேட்டான் கடைக்காரன். அவர் தலையாட்டினார்.

காபி வரவில்லை.

மறுபடி வந்து கேட்டான். மறுபடி ஆட்டினார், ஊரில் 'சரி' என்பதற்கு ஆட்டுவது போலவே, இந்தத் தோளுக்கும் அந்தத் தோளுக்குமாக. மேசையிலிருந்த காலிக் கோப்பையையும் அவன் எடுத்துக்கொண்டு போய்விட்டான்.

"வாயத் தொறந்து சொல்லுங்க. இவனுவளுக்கு ஒங்க தலையாட்டலு வேண்டாம்னுதான் வெளங்கும்."

சொல்லிவிட்டு அவர் மனைவி சிரித்தாள். சேதி வந்த பிறகு அவள் சிரித்தது அப்போதுதான்.

வேலைபார்த்த கப்பலிலிருந்து மகன் ஜெரோனைக் காணவில்லை. காதிஸ் கரையில் ஓர் உடல் ஒதுங்கியிருக்கிறது. பெற்றவர்கள் வந்து பார்க்க வேண்டும். இதுதான் சேதி.

தூத்துக்குடியிலிருந்து விழுந்தடித்து ஸ்பெயினிலுள்ள இந்தக் காதிஸுக்கு வந்தால், பிணவறை அதிகாரி சாயங்காலம்தான் வருவாராம். அதுவரைக்கும் ஊரைச் சுற்றிப் பாருங்கள் என்றான் கப்பல் கம்பெனி ஆள். அழகான பழைய ஊராம்.

நாசமாய்ப் போக.

ஆனாலும் சுற்றினார்கள். அறைக்குள் உட்கார்ந்திருக்க முடியவில்லை.

போன தடவை கப்பல் இங்கே நின்றபோது ஜெரோன் போட்டோ அனுப்பியிருந்தான். அவள் போனை ஏந்திக்கொண்டே நடந்தாள். மஞ்சள் குவிமாடம் வைத்த பெரிய கோயில். பீரங்கி நிற்கும் கடல் மதில். வீட்டு மாடிகளின் மேலே கோபுரங்கள்.

கப்பல் திரும்பி வருகிறதா என்று பார்க்கக் கட்டிய கோபுரங்களாம்.

அவள் வெகுநேரம் அண்ணாந்து நின்றாள்.

கோயில் வாசலில் அவன் நின்ற அதே இடத்தில் அவரையும் நிறுத்திப் படம் எடுத்தாள். "வந்ததும் அவன்கிட்ட காட்டணும்."

அவருக்கு எரிச்சல் வந்தது.

பழைய கோட்டைக்குக் கீழே மணல். பொரித்த மீன் வாசம். குடும்பம் குடும்பமாகக் குளித்துக்கொண்டிருந்தார்கள். இந்தத் தண்ணீரில் எப்படித்தான் மனசு வந்து இறங்குகிறார்களோ.

அவர் செருப்பைக் கழற்றிக் காலை அலையில் நனைத்தார். அவள் குனிந்து பார்த்தாள். இரண்டாவது விரலும் மூன்றாவது விரலும் ஒட்டிப் பிறந்த கால்.

"அப்படியே ஜெரோனுக்கும்," என்றாள். பிறகு, "அது அவன் இல்லீங்க. எவ பெத்த புள்ளையோ, பாவம்."

சாயங்காலம் பிணவறைக்குள் அவள் வரவில்லை. "நான் எதுக்கு? அவன் இல்லன்னுதான் சொல்றேன்ல." வாசல் பெஞ்சில் ஜெபமாலையோடு உட்கார்ந்துகொண்டாள்.

உள்ளே ஒரே குளிர்.

அதிகாரி துணியை விலக்கினார். முகம் என்று ஒன்றும் மிச்சமில்லை. கால் மட்டும் பூட்ஸுக்குள் இருந்ததால் தப்பித்திருந்தது.

அவர் காலைப் பார்த்தார்.

இரண்டாவது விரலும் மூன்றாவது விரலும்.

அதிகாரி தன் போனில் ஏதோ பேசி அவர் பக்கம் நீட்டினார். போன் சுத்தமான தமிழில் கேட்டது: "இவர் உங்கள் மகனா?"

வாயைத் திறந்தார். நாக்கு புரளவில்லை. தலை தானாக ஆடியது. இந்தத் தோளுக்கும் அந்தத் தோளுக்குமாக.

அதிகாரி பெருமூச்சு விட்டார். துணியை மூடினார். அவர் கையைப் பிடித்து அழுத்தினார், முகமெல்லாம் நிம்மதி.

ஏன் என்று அவருக்குப் புரிவதற்குள் கதவு திறந்துவிட்டது.

"நோ, நோ," என்றார் அதிகாரி, பெஞ்சைப் பார்த்துச் சிரித்தபடி.

"பனிமய மாதாவே!" அவள் அங்கேயே முழந்தாளிட்டாள். சிலுவை போட்டாள், அழுதாள், சிரித்தாள். எழுந்து ஓடிவந்து அவர் கையைக் கட்டிக்கொண்டாள். "நான் சொன்னேன்ல! நான் அப்பவே சொன்னேன்ல!"

அவர் சுவரைப் பார்த்தபடி நின்றார்.

அவள் பிடி மெல்லத் தளர்ந்தது.

"ஏங்க... அவரு கேட்டப்ப, வாயத் தொறந்துதான சொன்னீங்க?"

அவர் தலை அசையவில்லை.