படித்த ஒருவர் வேண்டும்

சமீபத்தில் படித்த புத்தகத்தைப் பற்றி ஆளுக்கு ஐந்து நிமிடம் பேசும் நூலகக் கூட்டம் அது. கொத்தனார் ஒருவர் எழுந்து மெல்லிய நாவல் ஒன்றைத் தூக்கிக் காட்டினார்.

"இதை எல்லாரும் படிங்க. இன்னைக்கே படிங்க!"

"கதை என்னங்க?" என்று கேட்டார் நூலகர்.

"நீங்களே படிங்கம்மா. உங்க கால்ல வேணா விழறேன்."

"அப்படி என்ன அவசரம்?"

"எழுதினது என் சம்சாரம். ஆஸ்பத்திரியில கிடக்கா. டாக்டர் கையை விரிச்சுட்டார். படிச்ச ஒருத்தர் வாயால எப்படி இருக்குன்னு கேட்டுட்டுப் போகணும்கிறா."

"அதை நீங்களே சொல்லலாமே?"

"தினமும் பிரமாதம்னுதான் சொல்றேன். சிரிக்கிறா." அவர் நாவலை நூலகரிடம் நீட்டினார். "எனக்கு எழுதப் படிக்கத் தெரியாதுன்னு அவளுக்குத் தெரியுமேம்மா!"